முப்பத்து மூன்று பக்கக் கடிதம்: ஆட்டிசம் ஆய்வில் பெற்றோரின் இடம்

1. கேள்வி

நெய்வேலியின் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களுக்கு அருகே, முந்திரித் தோப்புகளுக்கு நடுவில் இருக்கிறது முத்தாண்டிக்குப்பம். மூன்று வயதாகியும் பேசாத, கூப்பிட்டால் திரும்பாத பிள்ளையைப் பற்றித் தமிழ்நாட்டின் எந்த ஊரிலும் சொல்வதைத்தான் இங்கேயும் சொல்வார்கள். “ஆம்பளப் புள்ள, லேட்டாத்தான் பேசும்.” “அவங்கப்பனே அஞ்சு வயசுலதான் வாயத் தொறந்தான்.” அதன்பிறகு கோயிலுக்கு ஒரு நேர்த்திக்கடன், காது மூக்கு தொண்டை மருத்துவர், குழந்தை மருத்துவர் என்று அலைச்சல். கடைசியில் ஒருநாள் யாரோ ஒரு மருத்துவர் ‘ஆட்டிசம்’ என்ற சொல்லைச் சொல்கிறார்.

அச்சொல்லுக்குத் தமிழில் இன்னும் உறுதியான இடம் கிடைக்கவில்லை. ‘மதியிறுக்கம்’ என்கிறார்கள் சிலர். ‘புற உலகச் சிந்தனையற்ற’ என்று தொடங்கும் நீளமான சொற்றொடர் அரசுத் தாள்களில் வருகிறது. முன்னது மதியில் ஏதோ கட்டிப்போனது போலவும், பின்னது அந்தப் பிள்ளைக்கு உலகமே தெரியாதது போலவும் தொனிக்கிறது. இரண்டும் பிழையான படங்கள். ஆகவே இக்கட்டுரை, பெற்றோர்கள் சொல்வது போலவே, ஆட்டிசம் என்றே சொல்லிச் செல்லும்.

இங்கே எடுத்துக்கொண்ட கேள்வி ஒன்றுதான். ஆட்டிசம் உள்ளவர்களுக்கும் அவர்களுடைய குடும்பங்களுக்கும் உதவும் பல்கலைக்கழக ஆய்வுகளுக்குப் பின்னால் இருப்பவர்கள் யார்? ஆய்விதழின் முகப்பில் அச்சாகும் பெயர்கள் இதற்குப் பாதி விடைதான். மீதிப் பாதி, ஆய்வின் கச்சாப் பொருளைத் தந்தவர்களிடமும், பிற்காலத்தில் ஆய்வின் வேலையையே செய்தவர்களிடமும், அதாவது பெற்றோரிடம், அதிலும் பெரும்பாலும் தாய்மாரிடம், இருக்கிறது. இந்த உழைப்பை ஆய்வுலகம் எப்படிக் கணக்கு வைத்தது என்று பார்ப்பதே நோக்கம்.

2. சாட்சி, குற்றவாளி

வழக்கமான வரலாறு 1943இல் தொடங்கும். பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் குழந்தை மனநல மருத்துவர் லியோ கானர் பதினொரு குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அடுத்த ஆண்டு வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர். இவர்களுக்கும் முன்பே, 1920களின் நடுவில், மாஸ்கோவில் குருன்யா சுகரேவா ஆறு சிறுவர்களைப் பற்றி எழுதியிருந்தார். அது பல பத்தாண்டுகள் யார் கண்ணிலும் படவில்லை. ஆஸ்பெர்கர் இருந்த வியன்னா மருத்துவமனையில் வேலை செய்த யூத மருத்துவர் கேயார்க் பிராங்க்ல், உளவியலாளர் ஆனி வைஸ் இருவரும் நாஜிகளின் காலத்தில் அமெரிக்கா சேர்ந்தார்கள். பிராங்க்ல் கானரின் மருத்துவமனையிலேயே பணியாற்றினார் என்பது பின்னாளில்தான் பேசப்பட்டது. ஆஸ்பெர்கருக்கும் நாஜி ஆட்சியின் குழந்தைக் கொலைத் திட்டத்துக்கும் இருந்த தொடர்பை ஹெர்விக் செக் 2018இல் ஆவணங்களோடு வெளிக்கொணர்ந்தார். ஆக, ‘கண்டுபிடித்தவர்’ என்ற ஒற்றைப் பெயர் இங்கே நிற்காது.

நமக்கு வேண்டியது வேறு ஒன்று. கானரின் பதினொரு குழந்தைகளில் முதலாவது, மிசிசிப்பி மாநிலத்தின் ஃபாரஸ்ட் என்ற சிற்றூரைச் சேர்ந்த டொனால்ட் டிரிப்லெட். 1938இல் அவனைப் பால்டிமோருக்கு அழைத்துப் போகும் முன், வழக்கறிஞரான தந்தை பீமன் டிரிப்லெட் மருத்துவருக்கு முப்பத்து மூன்று பக்கக் கடிதம் ஒன்றை அனுப்பினார். பிள்ளை எதைச் சுற்றினான், எந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னான், யார் வந்தாலும் எப்படி நிமிர்ந்து பார்க்காமல் இருந்தான் என்று எல்லாம் அதில் இருந்தன. கானரின் கட்டுரையில் டொனால்ட் பற்றிய பகுதிக்கு அந்தக் கடிதமே அடித்தளம். தாய் மேரி பின்னர் எழுதிய கடிதங்களும் அதில் சேர்ந்தன. ஆட்டிசம் குறித்த ஆய்வின் முதல் தரவுத்தொகுப்பு ஒரு வீட்டிலிருந்து தபாலில் வந்தது.

அந்தத் தரவுக்கு என்ன கைம்மாறு கிடைத்தது? கட்டுரையின் முடிவில் கானர் பெற்றோர்களைப் பற்றிப் பேசுகிறார். இத்தனை விரிவாகக் குறிப்பெடுத்ததும், பல ஆண்டுகள் கழித்தும் சிறு சிறு விவரங்களை நினைவில் வைத்திருந்ததும், இவர்கள் எதையும் விடாப்பிடியாகப் பற்றிக்கொள்ளும் மனம் கொண்டவர்கள் என்பதற்கு நல்ல சான்று என்கிறார். தன் கட்டுரைக்கு உயிர் தந்த கவனத்தையே நோய்க்குறியாகப் படித்துவிட்டார். இந்த ஆய்வுத்துறை முழுவதிலும் எனக்கு மிகவும் உறுத்தும் இடம் இதுதான்.

கானரின் பக்கமும் நியாயம் உண்டு. இந்நிலை பிறவியிலேயே வருவது என்ற முடிவுக்கே அவர் 1943இல் வந்திருந்தார். ஆனால் 1949இல், பெற்றோரின் அன்பற்ற குளிர்ச்சியைப் பேசும்போது குளிர்பதனப் பெட்டி உவமையைக் கையாண்டார். அதைப் பிறர் பிடித்துக்கொண்டார்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஆர்த்தோஜெனிக் பள்ளியை நடத்திய புருனோ பெட்டல்ஹெய்ம் 1967இல் வெளியிட்ட ‘வெற்றுக் கோட்டை’ நூலில், தான் அடைபட்டிருந்த நாஜி வதைமுகாம் அனுபவத்தை இக்குழந்தைகளின் நிலைக்கு ஒப்பாகக் கொண்டுவந்தார். அந்த ஒப்பீட்டில் காவலாளியின் இடத்தில் யார் நிற்க வேண்டியிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு தலைமுறைத் தாய்மார் அந்தப் பழியோடு வாழ்ந்தார்கள். 1969இல் பெற்றோர் சங்கக் கூட்டம் ஒன்றில் கானரே எழுந்து, பெற்றோர்களே, உங்களைக் குற்றத்திலிருந்து விடுவிக்கிறேன் என்ற பொருள்படப் பேசினார். விடுவிப்பதற்கு முன் குற்றம் சாட்டியவர்களில் அவரும் ஒருவர்.

பழியை உடைத்தவர்களைப் பாருங்கள். பிறவிக் காரணத்தை வாதிட்டு 1964இல் நூல் எழுதிய பெர்னார்ட் ரிம்லாண்ட், அமெரிக்கக் கடற்படையில் வேலை பார்த்த உளவியலாளர். ஆட்டிசம் உள்ள மகனின் தந்தை. லண்டனின் கேம்பர்வெல் பகுதியில் ஜூடித் கூல்டுடன் சேர்ந்து நடத்திய கள ஆய்வை 1979இல் வெளியிட்டு, ‘அலைமாலை’ போல விரிந்த நிலையாக ஆட்டிசத்தைப் பார்க்கக் கற்றுக்கொடுத்த லோர்னா விங், ஆட்டிசம் உள்ள மகளின் தாய். பெட்டல்ஹெய்மின் பள்ளியை அருகிலிருந்து பார்த்து வெறுத்த எரிக் ஷாப்ளர், வட கரோலினா பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ரைக்லருடன் சேர்ந்து 1971இல் ஒரு கட்டுரை எழுதினார். பெற்றோரைச் சிகிச்சையின் கூட்டாளியாக வைத்துப் பார்த்த கட்டுரை அது. மறு ஆண்டே அந்த மாநிலச் சட்டமன்றம், இந்த வழியில் நடந்த ‘டீச்’ என்ற சிகிச்சைத் திட்டத்துக்குப் பணம் ஒதுக்கியது. அதற்காகச் சட்டமன்ற உறுப்பினர்களைத் தேடித் தேடிப் பார்த்தவர்களும் பெற்றோர்களே.

3. அமிர்தசரஸின் கூடாரங்கள், வேலூரின் வார்டு

பெற்றோரைக் கூட்டாளியாக்கிய யோசனை வட கரோலினாவில் பிறந்தது என்றே பெரும்பாலான நூல்கள் எழுதுகின்றன. அதை அப்படியே ஏற்க எனக்குத் தயக்கம். 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில், இட நெருக்கடிக்கு நடுவில், மருத்துவர் வித்யா சாகர் நோயாளிகளின் குடும்பத்தினரை வளாகத்திலேயே கூடாரம் அடித்துத் தங்கவைத்தார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் பாகாயம் மனநல மையமும் தொடக்கம் முதலே உறவினர் ஒருவர் நோயாளியோடு தங்க வேண்டும் என்ற முறையைக் கடைப்பிடித்தது. இம்முறையை விளக்கி கோல்மேயரும் பெர்னாண்டசும் 1963இல் அமெரிக்க மனநல மருத்துவ இதழில் எழுதினார்கள். ஷாப்ளரின் கட்டுரைக்கு எட்டு ஆண்டுகள் முன்பு.

இதைக் கொண்டு ‘நாம்தான் முதலில்’ என்று மார்தட்ட வேண்டியதில்லை. இங்கே குடும்பம் வார்டுக்குள் வந்ததற்குத் தத்துவம் பாதிக் காரணம் என்றால், செவிலியர் போதாமை மறுபாதிக் காரணம். அரசு மருத்துவமனையில் யாராவது படுத்தால் கூட இருந்து பார்த்துக்கொள்ள ஆள் தேடுகிறோமே, அதன் நீட்சிதான் இது. வறுமையிலிருந்து வந்த ஏற்பாடு பயனுள்ளதாக இருந்தது என்பதும் உண்மை. பயனுள்ளதாக இருந்ததாலேயே அதன் செலவு யார் தலையில் விழுந்தது என்ற கேள்வி எழாமல் போனது என்பதும் உண்மை.

வேலூரில் இந்த மரபு குழந்தைகளுக்கும் வந்தது. ‘நம்பிக்கை நிலையம்’ என்ற குழந்தை, வளரிளம் பருவ மனநலப் பிரிவில் பெற்றோர் பிள்ளையோடு தங்கிப் பயிற்சி பெறுகிறார்கள். பால் சுவாமிதாஸ் சுதாகர் ரஸ்ஸல், ஜான், லட்சுமணன் மூவரும் 1999இல் பிரித்தானிய மனநல மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வு இங்கிருந்து வந்தது. அறிவுசார் குறைபாடு உள்ள குழந்தைகளின் பெற்றோர் 57 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் பத்து வாரம் கலந்துரையாடல் வழிக் குழுப் பயிற்சி தந்தார்கள். பிள்ளையைப் பற்றிய பெற்றோரின் மனப்பாங்கு அந்தப் பிரிவில் தெளிவாக மேம்பட்டது. ஆய்வு நேர்த்தியானது. ஆனால் கவனியுங்கள்: அளக்கப்பட்டது பெற்றோரின் மனப்பாங்கு. பத்து வாரம் வீட்டையும் வேலையையும் விட்டு வந்த செலவு அந்த அளவுகோலில் இல்லை. இது அந்த மூவரின் குறையல்ல. அந்தக் காலத்து ஆய்வுகள் பெரும்பாலும் அப்படித்தான் அளந்தன.

4. 33 என்ற எண்

ஆய்வாளரின் உழைப்பு ஒரு குடும்பத்தை எட்டுவது பெரும்பாலும் ஓர் எண் வழியாகத்தான். ஷாப்ளர் குழு உருவாக்கிய குழந்தைப் பருவ ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோலில் 15 கூறுகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை மதிப்பெண். மொத்தம் 30ஐத் தொட்டால் ஆட்டிசம் என்பது அமெரிக்க வரையறை. அந்த 30 நம் பிள்ளைகளுக்கும் பொருந்துமா என்று வேலூர்க் குழு சோதித்துப் பார்த்து, இந்தியச் சூழலுக்கு 33 பொருத்தம் என்று 2010இல் எழுதியது. கானருக்குப் போன கடிதத்தின் பக்க எண்ணிக்கையும் இதே 33 என்பது தற்செயல். என்றாலும் மனம் அங்கே போய் நிற்கிறது.

மூன்று மதிப்பெண்ணில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். மதிப்பெண் 31 வாங்கும் பிள்ளை அமெரிக்க வரையறைப்படி ஒரு பக்கம், வேலூர் வரையறைப்படி மறு பக்கம். பெரியவர் கண்ணைப் பார்த்துப் பேசுவதை மரியாதையாகக் கொள்ளாத வீடுகள் நம்மிடம் உண்டு. தனியாக விளையாட இடமே இல்லாத கூட்டுக் குடும்பமும் உண்டு. அறிவுசார் குறைபாடும் ஆட்டிசமும் சேர்ந்த பிள்ளைகளே நம் பெரிய மருத்துவமனைகளுக்கு அதிகம் கொண்டுவரப்படுவதும் காரணமாகலாம். எப்படியிருந்தாலும், இந்த எண்ணை உட்கார்ந்து சரிபார்த்தவர்களைப் பற்றி எந்த இதழும் அட்டைப்படக் கட்டுரை போட்டதில்லை.

அதே காலத்தில் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து கலிபோர்னியாவில் ஆய்வு செய்த வி. எஸ். ராமச்சந்திரன், ஆட்டிசத்தின் வேர், பிறர் செய்வதை நமக்குள் பிரதிபலிக்கும் ‘கண்ணாடி நரம்பணு’க்களின் பழுது என்ற கருத்தை லிண்ட்சே ஓபர்மனுடன் 2006இல் முன்வைத்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. அதற்கு ஆதாரமாக நின்ற 2005 மூளை மின்னலை ஆய்வில் ஆட்டிசம் உள்ளவர்கள் பத்துப் பேர். அந்தக் கருத்து பின்னர் கடும் விமர்சனத்துக்கு உள்ளாகிப் பெரிதும் மங்கிவிட்டது. மேதைமையைக் குறைத்துச் சொல்லவில்லை. முத்தாண்டிக்குப்பத்துப் பிள்ளைக்கு எது நெருக்கம் என்று கேட்டால் அந்த 33தான் நெருக்கம்.

சான்றிதழுக்கு வேறோர் அளவுகோல். செகந்திராபாத்தில் உள்ள, அறிவுசார் குறைபாட்டுக்கான தேசிய நிறுவனம் உருவாக்கி 2009இல் வெளிவந்த இந்திய ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோலில் ஆறு பிரிவுகளில் 40 கூறுகள். 70க்குக் கீழே ஆட்டிசம் இல்லை. 153ஐத் தாண்டினால் தீவிரம். 1995ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டத்தில் ஆட்டிசம் என்ற பெயரே கிடையாது. 1999இன் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் வந்தது. 2016இன் உரிமைகள் சட்டம் அதை 21 வகைகளில் ஒன்றாகச் சேர்த்தது. அந்த ஆண்டு ஏப்ரலில் இந்த அளவுகோல் அரசிதழில் ஏறியது. ஓர் ஆய்வுக் கருவி இப்படித்தான் ஒரு குடும்பத்தின் பேருந்துச் சலுகையாக, உதவித்தொகை மனுவாக மாறுகிறது. அந்த 40 கூறுகளில் பலவற்றைத் தேர்வறையில் அரை மணி நேரத்தில் பார்த்துவிட முடியாது. அம்மாவைக் கேட்டுத்தான் நிரப்ப வேண்டும்.

5. கோவாவில் நடந்தது

பெற்றோர் வழிச் சிகிச்சை தெற்காசியாவில் முறையாகச் சோதிக்கப்பட்டது 2016இல் வெளியான ஓர் ஆய்வில். லிவர்பூலின் ஆதிஃப் ரஹ்மான், கோவாவின் சங்காத் அமைப்பைச் சேர்ந்த கௌரி திவான், விக்ரம் படேல், மான்செஸ்டரின் ஜோனத்தன் கிரீன் உள்ளிட்ட பலர் சேர்ந்து கோவாவிலும் ராவல்பிண்டியிலும் நடத்தியது. இரண்டு முதல் ஒன்பது வயது வரையிலான 65 குழந்தைகள். ஆறு மாதத்தில் பன்னிரண்டு அமர்வுகள்.

செய்முறை எளிது. தாயும் பிள்ளையும் விளையாடுவதைச் சில நிமிடம் படமெடுப்பார்கள். பிறகு பயிற்சியாளரும் தாயும் சேர்ந்து அதைப் பார்ப்பார்கள். பிள்ளை எதையோ பார்க்கிறான். அதே கணத்தில் தாய் வேறொன்றைக் காட்டி ‘இதென்ன, சொல்லு’ என்கிறாள். அந்த இடத்தில் படம் நிறுத்தப்படும். பிள்ளையின் கவனம் போன இடத்துக்குத் தன் சொல்லைக் கொண்டுபோகத் தாய் பழக வேண்டும். இதற்கு முன் மான்செஸ்டரில் இதைச் செய்தவர்கள் பேச்சுப் பயிற்சி நிபுணர்கள். இங்கே அவ்வளவு நிபுணர்கள் இல்லாததால், நிபுணரல்லாத பணியாளர்களுக்குப் பயிற்சி தந்து வீடுகளுக்கு அனுப்பினார்கள்.

முடிவு: பிள்ளையோடு இசைந்து பேசும் தாய்மாரின் திறன் பெரிதும் உயர்ந்தது. பிள்ளைகள் தாமாகத் தொடங்கும் தொடர்பும் கூடியது. இருவரும் ஒன்றையே சேர்ந்து கவனிக்கும் நேரம் மட்டும், எதிர்பார்ப்புக்கு மாறாக, குறைந்தது. அந்த மூன்றாவது முடிவை மறைக்காமல் எழுதியது ஆய்வின் நேர்மை. அதைப் பேசாமல் முதல் இரண்டை மட்டும் எடுத்துச் சொல்வது பின்னால் வந்தவர்களின் வசதி.

இந்த ஆய்வின் உண்மையான ஆட்கள், என் கணிப்பில், வீடு வீடாகப் போன அந்தப் பணியாளர்கள். மாமியார் குறுக்கே வருவார், பக்கத்து வீட்டுப் பிள்ளை படத்துக்குள் ஓடும், மின்சாரம் போகும். இவற்றுக்கு நடுவில் ஒரு முறைமையைக் குலையாமல் காப்பது பெரிய திறமை.

6. முத்தாண்டிக்குப்பத்துக் கணக்கு

இனி அந்தப் பன்னிரண்டு அமர்வுகளை இங்கே கொண்டுவந்து வைத்துப் பார்க்கலாம். பண்ருட்டி வட்டாரத்தில் மார்ச் முதல் மே வரை முந்திரிப் பருவம். பொறுக்குவது, கொட்டை உடைப்பது, தோல் உரிப்பது எல்லாம் பெரும்பாலும் பெண்கள் கை வேலை. ஓட்டின் பால் பட்டால் தோல் வெந்துபோகும். இந்த மூன்று மாதக் கூலியில்தான் ஆண்டின் பல கடன்கள் அடையும். இந்நாட்களில் ஒரு பெண்ணை ‘இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பிள்ளையோடு மையத்துக்கு வா’ என்றால், அமர்வு இலவசமாகவே இருந்தாலும் அவள் தருவது ஒரு நாள் கூலி. வேலூருக்கோ முட்டுக்காட்டில் 2005இல் தொடங்கிய பல்வகை ஊனமுற்றோர் தேசிய நிறுவனத்துக்கோ போவதென்றால் முந்தின இரவே கிளம்ப வேண்டும். பேருந்தில் சத்தம் தாங்காத பிள்ளை.

அருகிலேயே இன்னொரு உலகம் இருக்கிறது. 1956இல் தொடங்கிய நெய்வேலி நிலக்கரி நிறுவனத்தின் நகரியத்தில் மருத்துவமனை உண்டு, சிறப்புக் குழந்தைகளுக்கென ‘சிநேகா’ உண்டு. நிரந்தர ஊழியர் வீட்டுப் பிள்ளைக்கும் தோப்புக் கூலி வீட்டுப் பிள்ளைக்கும் நடுவே சில கிலோமீட்டர் சாலைதான் இருக்கிறது. சிகிச்சை தொடங்கும் வயதில் அந்தச் சாலை சில ஆண்டுகளாக நீண்டுவிடுகிறது.

ஆய்வுகள் இவ்வூரை எப்படிப் பார்த்தன? இந்தியாவில் குழந்தைகளின் நரம்பு வளர்ச்சிக் குறைபாடுகளைப் பற்றிய பெரிய கள ஆய்வு, இன்கிளென் அமைப்பு நடத்தி 2018இல் நரேந்திர அரோரா உள்ளிட்டோர் பெயரில் வெளிவந்தது. 3,964 குழந்தைகள், ஆட்டிசம் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவர். ஐந்து களங்கள்: பல்வல், காங்ரா, தேன்கனால், வட கோவா, ஐதராபாத். தமிழ்நாட்டில் ஒன்றுகூட இல்லை. ‘தெற்கு’ என்ற இடத்தை ஒரு பெருநகரம் நிரப்பியது. தமாரா டேலி 2004இல் எழுதிய ஆய்வில் 95 இந்தியக் குடும்பங்கள். அவை நகரங்களைச் சேர்ந்தவை. பிள்ளை பேசத் தாமதிப்பதைவிட மற்றவர்களோடு பழகாமல் இருப்பதையே இந்தியப் பெற்றோர் பலர் முதலில் கவனித்தார்கள் என்பது அவர் கண்டது. இது கிராமத்துக்கும் பொருந்துமா? மேலே சொன்ன ‘லேட்டாத்தான் பேசும்’ என்ற ஆறுதல், பேச்சைத்தான் முதலில் பார்க்கிறார்கள் என்று காட்டுவது போல இருக்கிறது. ஆனால் ஊரார் சொல்லும் ஆறுதல் வேறு, தாய் மனத்துக்குள் முன்பே கண்டுகொண்டது வேறு. இதைப் பிரித்தறிய ஒருவர் இங்கே வந்து உட்கார்ந்து கேட்க வேண்டும்.

ஆட்கள் இல்லை என்று சொல்ல முடியாது. அங்கன்வாடிக்கு நடமாடும் மருத்துவக் குழு வருகிறது. கிராம சுகாதார செவிலியர் இருக்கிறார். வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர் இருக்கிறார். நடமாட முடியாத பிள்ளைகளின் வீட்டுக்கே போய்க் கற்பிக்கும் ஏற்பாடும் உண்டு. கோவாவின் பணியாளர்கள் செய்ததைச் செய்யக்கூடிய மனிதர்கள் இவர்களே. கூடுதலாக வேண்டியது இரண்டு: படம் பார்த்துப் பேசும் அந்தப் பயிற்சி, தாய் இழக்கும் நாளுக்குக் கூலி. முதலாவதைப் பற்றி ஆய்வுகள் நிறைய எழுதியிருக்கின்றன. இரண்டாவது, திட்டச் செலவுக் கணக்குகளில் ‘பயணப்படி’ என்ற சிறு வரியைத் தாண்டி அரிதாகவே வருகிறது. ‘பெற்றோர் வழிச் சிகிச்சை குறைந்த செலவுடையது’ என்ற வாக்கியத்தைப் படிக்கும்போதெல்லாம், குறைந்த செலவு யாருக்கு என்று ஓரத்தில் எழுதிவைக்கத் தோன்றுகிறது.

7. பெற்றோர் குரலும் பிள்ளை குரலும்

இந்த வாதத்துக்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. பெற்றோர் பேசுவது பெற்றோருக்காக. ஆட்டிசம் உள்ளவர் என்ன நினைக்கிறார் என்பது வேறு. மான்ட்ரியலில் அஞ்சல் துறையில் வேலை பார்த்த மிஷெல் டாசன், தானே ஆட்டிசம் உள்ளவர், லோரான் மொட்ரோனின் ஆய்வுக்குழுவில் சேர்ந்து இணை ஆசிரியராகக் கட்டுரைகள் எழுதினார். பிரிட்டனின் டேமியன் மில்டன் 2012இல் ‘இரட்டைப் பரிவுச் சிக்கல்’ என்ற கருத்தை வைத்தார்: ஆட்டிசம் உள்ளவர் மற்றவரைப் புரிந்துகொள்ளவில்லை என்கிறீர்களே, மற்றவர் அவரைப் புரிந்துகொண்டாரா? இருவழிப் பிழையை ஒருவர் தலையில் மட்டும் கட்டக் கூடாது என்பது அதன் சாரம். கண்ணாடி நரம்பணுக் கோட்பாட்டுக்கு இதைவிடச் சுருக்கமான பதிலை நான் படித்ததில்லை. கோவாவின் படக்காட்சி முறையும், கூர்ந்து பார்த்தால், பிள்ளையை மாற்றுவதற்கு முன் பெரியவரை மாறச் சொல்கிறது. அந்த அளவில் இரண்டும் ஒரே திசையில் நடக்கின்றன.

தமிழில் இன்னும் பெற்றோர் எழுத்தே முன்னால் நிற்கிறது. யெஸ். பாலபாரதியின் ‘ஆட்டிசம்: சில புரிதல்கள்’, அவருடைய நாவல் ‘துலக்கம்’, லக்ஷ்மி பாலகிருஷ்ணனின் ‘எழுதாப் பயணம்’ ஆகியவை பல குடும்பங்களுக்கு முதல் வழிகாட்டி. இவற்றில் இருக்கும் கவனிப்பு, பீமன் டிரிப்லெட்டின் கடிதத்தில் இருந்த அதே வகைக் கவனிப்பு. ஆய்வேடுகளில் இவற்றை மேற்கோளாகக் காண்பது அரிது. நூலகத்தில் ‘அனுபவம்’ என்ற அடுக்கில் இருக்கின்றன.

நம் மனநல மருத்துவமனைகளில் நோயாளியின் வரலாற்றைப் பதியும் தாளில், தொடக்கத்திலேயே ‘தகவல் தருபவர்’ என்று ஓர் இடம் இருக்கும். உறவுமுறையை எழுதிவிட்டு, அவர் தந்த தகவல் நம்பத்தக்கதா, போதுமானதா என்று பயிற்சி மருத்துவர் இரண்டு சொற்களில் குறிப்பார். பிள்ளை பிறந்த நாள் முதல் எல்லாவற்றையும் சொல்லி முடித்த தாய் பெரும்பாலும் அந்த இரண்டிலும் தேறிவிடுவாள். தாள் கோப்புக்குள் போகும். அவள் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு நடப்பாள்.